பருத்திப் பொதியில் தெளிக்கும் தண்ணீர்



போன வாரம் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், எல்லாரும் பொதியில் தண்ணீர் தெளித்து எடை போடுகிறார்கள். நான் மட்டும் தெளிக்காவிட்டால் எனக்குத்தானே நஷ்டம்?"

நம் கோவில்பட்டிக் கரிசலில் புரட்டாசி மழையை நம்பி விதைத்து எடுக்கிற பஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் 100-க்கு 90 பங்குக்கு மேல் செல்லுலோஸ் என்ற ஒரே பொருள். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவும் இதைச் செய்கிறது. காடியின் மேல் படரும் ஏடு செல்லுலோஸ்தான் என்று 1886-ல் பிரவுன் என்ற விஞ்ஞானி கண்டறிந்தார். வேறொரு பாக்டீரியாவில் இதைச் செய்யும் புரதத்தின் வடிவம் 2013-ல் அணு அணுவாக வெளியானது. அதன் பிறகு அந்த வடிவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அணுக்கள் ஒன்றையொன்று இழுப்பதையும் தள்ளுவதையும் கணக்கிட்டுப் பார்த்தார்கள்.

குளுக்கோஸ் ஒவ்வொன்றாகச் சங்கிலியில் சேர்கிறது. சேரச் சேரச் சங்கிலி ஒரு குறுகிய வழியாக வெளியே நகர்கிறது. ஒன்று ஒரு பக்கம் பார்த்தால், அடுத்தது மறுபக்கம் திரும்பி நிற்கும். அந்த ஒழுங்கு எப்படி வருகிறது என்பதைத்தான் கம்ப்யூட்டரில் தேடுகிறார்கள்.

இது மனிதன் போடும் கணக்கு, நாளை திருத்தப்படலாம். நம் ஈமான் இதை நம்பி நிற்கவில்லை. ஆனால் யாரும் பார்க்காத இடத்திலும் அந்தச் சிற்றுயிர் தனக்கு விதித்த ஒழுங்கில் வேலை செய்கிறதே, அதை யோசித்துப் பாருங்கள்.

செல்லுலோஸ் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் பருத்தித் துணி வியர்வையை உறிஞ்சுகிறது. அல்லாஹ் நமக்கு ரஹ்மத்தாகத் தந்த அந்தக் குணத்தையே நாம் மோசடிக்குப் பயன்படுத்துகிறோம். விற்கிறவர் தண்ணீர் தெளிக்கிறார். வாங்குகிறவரோ காய்ந்த பஞ்சையும் ஈரம் என்று சொல்லி எடையைக் கழிக்கிறார். இரண்டும் ஒரே பாவம்தான்.

மதீனாவின் கடைத்தெருவில் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள்; உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள்.

அந்தப் பெரியவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: எடையில் குறைவது சில கிலோ. பரக்கத் குறைந்தால் எந்தத் தராசில் அதை ஈடுகட்டுவீர்கள்? நாயகத்தையே மூன்று வெள்ளைப் பருத்தித் துணிகளில்தான் கஃபனிட்டார்கள். நமக்கும் கடைசி உடை அதுதான். ஹலாலாக விற்ற பஞ்சின் காசில் அது வரட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் தராசுகளை நேராக்குவாயாக. எங்கள் ரிஸ்கில் பரக்கத் செய்வாயாக. ஆமீன்.