போலீசு எந்தத் திண்ணையில்?

ஒரு கிளர்ச்சி ஜெயித்ததா தோற்றதா என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? களத்தில் நின்ற ஜனங்களா? கீழத்தஞ்சைச் சேரியில் பிறந்தவனுக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. "போலீசு எந்தத் திண்ணையில ஒக்காந்து காப்பி குடிக்குதுன்னு பாரு, கேசு எப்படி முடியும்னு தெரிஞ்சிடும்" என்பாள் என் அப்பாயி.

1943இல் பி.சீனிவாசராவ் வந்தார். சேரி சேரியாகச் சங்கம் எழுந்தது. சவுக்கடியையும் சாணிப்பாலையும் நிறுத்துவதாக 1944இல் மிராசுதார்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அது நம் ஜனங்கள் நிமிர்ந்து நின்று வாங்கியது. பிறகு எம்.எஸ்.பி. வந்தது. 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சியை அடக்க வெள்ளைக்காரன் உண்டாக்கிய மலபார் ஸ்பெஷல் போலீஸ், பாதிப் பட்டாளம். வெள்ளைக்காரன் கப்பலேறிவிட்டான், அவன் பட்டாளம் நம்ம தெருவுக்குள் வந்தது. 1950இல் வாட்டாக்குடி இரணியனும் சாம்பவானோடை சிவராமனும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

துப்பாக்கிக்குப் பிறகுதான் சட்டம் வந்தது. 1952 பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தை வெற்றி என்று கொண்டாடினோம். ஆண்டைகள் என்ன செய்தார்கள்? பண்ணையாளை நிறுத்திவிட்டு அதே ஆளைத் தினக்கூலியாகக் கூப்பிட்டார்கள். பண்ணையாளே இல்லையென்றால் பாதுகாப்பு யாருக்கு? போராடியது நாம், அதன் பலனுக்கு உருவம் கொடுத்தது அவர்கள்.

பட்டாளம் நடுநிலையாக நிற்கும் என்று உலகத்தில் எத்தனையோ ஜனங்கள் நம்பியிருக்கிறார்கள். 2011இல் கெய்ரோவில் டாங்கிமேல் ஏறி நின்று சந்தோஷப்பட்டார்கள். 2013இல் அதே ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டது. சேரிக்காரனுக்கு அந்த நம்பிக்கை ஒருநாளும் இருந்ததில்லை. எங்களுக்கு வேறொரு நம்பிக்கை இருந்தது, கோர்ட்டு.

1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. கூடுதல் அரைப்படி நெல்லும் சங்கக் கொடியும்தான் குற்றம். ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். அரசாங்கம் கணபதியா பிள்ளை கமிஷனை வைத்தது. கொலையை விசாரிக்க இல்லை, கூலியை விசாரிக்க. 1969இல் நியாயக்கூலிச் சட்டம் வந்தது. கீழ்க்கோர்ட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்குப் பத்து வருஷம் கொடுத்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் எல்லோரையும் விட்டுவிட்டது. நிலமும் காரும் வைத்திருக்கும் பெரிய மனுஷர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைப்பார்களா என்று நீதிமான்களுக்குச் சந்தேகம். கார் சாட்சி சொன்னது. எரிந்த குடிசையிலிருந்து தப்பிய ஜனங்கள் சொன்னது எடுபடவில்லை. அதே இரவில் மிராசுதார் தரப்பு ஆள் பக்கிரிசாமி கொல்லப்பட்ட வழக்கில் மட்டும் கூலிக்காரர்களுக்குத் தண்டனை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், தோழர்களுக்குக் கசந்தாலும். அன்று எங்களோடு நின்றவர்கள் அவர்கள்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் செத்த 44 பேரையும் 'விவசாயத் தொழிலாளி' என்றே ரொம்ப நாள் எழுதினார்கள். தீ வைத்தவன் ஆளைப் பார்த்து வைத்தான், தெருவைப் பார்த்து வைத்தான். அந்தத் தெருவுக்கு என்ன பெயர் என்று சொல்ல நம்ம மேடைகளுக்கே எத்தனை வருஷம் பிடித்தது?