சும்மா மலை ஏறுவது

"மேல அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்பவர்களிடம் இயற்கை, உடல்நலம், மன அழுத்தம் என்று ஏதாவது சொல்லிவைக்கிறோம். மூன்றும் பொய் இல்லை. ஆனால் கேட்பவர் கெடாவின் ஏதோ ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது, நாற்பது வருடம் பால் வெட்டியவராக இருந்தால், அவர் கேட்பது வேறு. விடியும் முன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டி, கொசுவுக்கும் அட்டைக்கும் ரத்தம் கொடுத்து, மேடும் பள்ளமுமாக ஏறி இறங்குவதை நாங்கள் சம்பளத்துக்குச் செய்தோம். அதையே நீங்கள் ஏன் காசு கொடுத்துச் செய்கிறீர்கள்? என் பாட்டி இன்னும் சுருக்கமாகக் கேட்பார்: "அதுலேர்ந்து தப்பிக்கத்தானேடா உன்னைப் படிக்க வெச்சோம்?"

இதைக் கிண்டலாக எடுத்துக்கொண்டு சிரித்துவிடலாம். எனக்கு இது நல்ல தத்துவக் கேள்வியாகப் படுகிறது. ஒரே இருட்டு, ஒரே வியர்வை, ஒரே அட்டை. ஒருவருக்குக் கொடுமையாக இருந்தது இன்னொருவருக்கு எப்படி இன்பமாகிறது? தாத்தாவின் கொடுமையைப் பேரன் பொழுதுபோக்காக்குவதில் ஏதாவது தப்பு இருக்கிறதா?

பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவவாதி 1978இல் 'தி கிராஸ்ஹாப்பர்' என்று ஒரு புத்தகம் எழுதினார். விளையாட்டு என்றால் என்ன என்பதுதான் அதன் கேள்வி. தேவையே இல்லாத தடைகளை நாமாக விரும்பி ஏற்று, அவற்றைக் கடக்க முயல்வது விளையாட்டு என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம். கோல்ஃப் பந்தைக் கையில் எடுத்துப்போய்க் குழியில் போட்டால் வேலை முடிந்தது; ஆனால் விளையாட்டு இல்லை. ஜெராய் மலைக்கு இது அப்படியே பொருந்துகிறது. 1,217 மீட்டர் உயரம். குரூண் பக்கத்திலிருந்து உச்சிக்கு அருகே வரை தார்ச்சாலை போகிறது, காரிலேயே போய்வரலாம். நாமோ காரைக் கீழே நிறுத்திவிட்டுக் காட்டுப்பாதையில் நாக்குத் தள்ள ஏறுகிறோம். பால் வெட்டியவருக்கு மரத்துக்கு மரம் நடப்பது தேவையான தடை. நமக்குத் தேவையில்லாத தடை. அவ்வளவுதான் வித்தியாசம் என்று சூட்ஸை வைத்து முடித்துவிடலாம்.

ஆனால் 'விரும்பி ஏற்று' என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. ஒப்பந்தக் கூலியாக மலாயாவுக்கு வந்தவரும் காகிதத்தில் விருப்பத்தோடுதான் வந்தார். கைநாட்டு இருக்கிறது. வந்த பிறகு, காலம் முடியும் முன் தோட்டத்தை விட்டு ஓடினால் அது தண்டனைக்குரிய குற்றம். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை எடுப்பது 1910இல் முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகும் கங்காணி முறை, முன்பணக் கடன், வேலை போனால் வீடும் போகும் லயம். ஆக, தொடங்கும்போது சம்மதம் இருந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது. பாதி வழியில் "எனக்கு வேண்டாம், நான் திரும்புறேன்" என்று சொல்ல முடியுமா? கஷ்டத்தை விளையாட்டாக்குவது அந்தத் திரும்பும் உரிமைதான் என்று நினைக்கிறேன்.

நம் ஆட்களின் வரலாற்றில் நடை என்பது பெரும்பாலும் திரும்ப முடியாத நடை. 1942–43இல் சயாம் மரண ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போனவர்கள் காட்டு வழியில் நாள்கணக்காக நடத்திச் செல்லப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளம். போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு, நம்மவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' படித்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிறகு 1948 முதல் 1960 வரை அவசரகாலம். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, பல இடங்களில் தொழிலாளர்கள் வேலைக்குச் சோறு எடுத்துப்போகவே தடை. வாசலில் சோதனை. ரப்பர் மரம் முடிந்து காடு தொடங்கும் எல்லையில் நின்றாலே சந்தேகம். இன்று புதிதாக மலை ஏறுபவருக்கு நாம் சொல்லும் முதல் அறிவுரை என்ன? நாசி லெமாக் ரெண்டு பொட்டலம் கூடுதலா எடுத்துக்கோ.

இந்தத் தொடர்ச்சியைப் பற்றி நம் இளைஞர்கள் அதிகம் பேசுவதில்லை. பேசுவது கடாரத்தைப் பற்றி. ஜெராய் அடிவாரத்தில், மெர்போக்கில், புக்கிட் பத்து பாகாட் சண்டி இருக்கிறது. 1936–37இல் குவாரிட்ச் வேல்ஸ் இந்தப் பள்ளத்தாக்கில் அகழ்ந்தார், 1960ஐ ஒட்டி அலஸ்டர் லேம்ப் அந்தக் கோயில் அடித்தளத்தை மீட்டுக் கட்டினார். மலை இறங்கியதும் அங்கே போய் ஒரு செல்ஃபி, கீழே 'ராஜேந்திர சோழன் வென்ற மண்' என்று ஒரு வரி. 1025இல் படையோடு வந்தவன் பேரனாக இருக்க ஆசைப்படுகிறோம். கப்பலின் அடித்தட்டில் வந்தவரின் பேரன் என்பதில் அவ்வளவு ஆர்வம் இல்லை. 2013 இறுதியில் சுங்கை பத்து பகுதியில் ஒரு பழைய சண்டி மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்ட செய்தி வெளிவந்தபோது எழுந்த கோபம் நியாயமானது. அதே மண்ணில் லயங்கள் இடிபட்டபோது அந்தக் கோபத்தில் கால்வாசிகூட எழவில்லை. மலையிலிருந்து பார்த்தால் வயலும் கடலும் செம்பனையும் அழகாகத் தெரியும். லயம் இருந்த இடம் தெரியாது.

சரி, திரும்பும் உரிமைக்கு வருகிறேன். அதை வைத்திருப்பவர்கள் அதைப் பயன்படுத்துவதில்லை, முக்கியமாகப் புதியவர்கள். உச்சியில் படம் எடுக்காவிட்டால் வந்ததே வீண் என்கிற வேகம். ஜெராய் கடற்கரைச் சமவெளியில் தனியாக எழுந்து நிற்கும் மலை. சரிவு செங்குத்து, ஓடைகளின் நீர்ப்பிடிப்பு சிறியது. பொறியாளர் மொழியில் சொன்னால், மேலே விழும் மழை கீழே வந்து சேர எடுக்கும் நேரம் மிகக் குறைவு. நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மேலிருந்து 'கெபாலா ஆயர்' இறங்கிவிடும். தெளிந்த தண்ணீர் திடீரென்று தே தாரேக் நிறத்துக்கு மாறுவது, இலையும் சுள்ளியும் அதிகமாக மிதந்து வருவது, ஓடையின் சத்தம் கனப்பது, இவையெல்லாம் உடனே மேட்டுக்கு ஏறச் சொல்லும் அடையாளங்கள். 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராயிலிருந்து அப்படி இறங்கிய வெள்ளம் யான், மெர்போக் பக்கக் கிராமங்களைப் புரட்டிப்போட்டது, உயிர்கள் போயின. அருவிக்குக் குளிக்கப் போகும்போது அந்தத் தேதியை மறந்துவிடக் கூடாது.

இங்கேதான் கேள்வி வேறு பக்கம் திரும்புகிறது. "என் உயிர், என் ரிஸ்க், உங்களுக்கு என்ன?" என்று சிலர் சொல்வார்கள். நான் மலையில் தொலைந்தால் என்னைத் தேடி வருவது யார்? பொம்பா வீரர்கள், வன அதிகாரிகள், அடிவாரக் கிராமத்து ஆட்கள். நான் விளையாட்டாக ஏற்ற தடை அவர்களுக்கு வேலை. இரவு பத்து மணிக்கு மழையில், வழுக்கும் பாறையில், "எனக்கு வேண்டாம், நான் திரும்புறேன்" என்று அந்தத் தீயணைப்பு வீரர் சொல்ல முடியாது. அதாவது, என் தாத்தாவுக்கு மறுக்கப்பட்ட உரிமையை நான் அனுபவித்து, அதைக் கவனமில்லாமல் வீணடித்து, இன்னொருவரிடமிருந்து அதே உரிமையைப் பறிக்கிறேன். மலை ஏறுவதில் முறைகேடு ஏதும் உண்டென்றால் அது இதுதான். பாட்டியின் வியர்வையை நான் பொழுதுபோக்காக்குவது அல்ல.

அதனால் வனத்துறை பெர்மிட், பதிவு பெற்ற வழிகாட்டி, எத்தனை பேர் எப்போது இறங்குவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவது, இவற்றையெல்லாம் அரசாங்கத் தொல்லையாகப் பார்க்கும் நண்பர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. வழிகாட்டிக்கு ஐம்பது வெள்ளி கொடுக்க மூக்கால் அழுபவர் காலில் நானூறு வெள்ளிக்குச் சப்பாத்து இருக்கும்.

கூலிமில் என்னோடு வேலை செய்யும் நான்கைந்து பேர் மாதம் ஒருமுறை போகிறோம். ஒரே ஒரு விதி: பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கே நின்றாலும் அங்கிருந்து இறங்கிவிட வேண்டும். போன முறை புதிதாக வந்த தம்பி ஒருவன் கடைசி ஏற்றத்துக்குக் கீழே நின்றுகொண்டு, "இன்னும் இருபது நிமிஷம்தாண்ணே, மேகமே இல்ல பாருங்க" என்று கெஞ்சினான். இறங்கினோம். அன்றைக்குச் சாயங்காலம் வரை ஒரு சொட்டு மழை பெய்யவில்லை. பீடோங்கில் மீ கோரேங் சாப்பிட்டு முடிக்கும்வரை அவன் யாரோடும் பேசவில்லை.