பிறர் நோய் தன் நோயாக

திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ‘பாலியம் இந்தியா’ என்ற தொண்டு நிறுவனத்தை 2003-ஆம் ஆண்டு தோற்றுவித்தவர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். மயக்கவியல் நிபுணரான அவர், தமது தொடக்ககால அனுபவம் ஒன்றைப் பலமுறை எடுத்துரைத்துள்ளார். புற்றுநோயால் கடும் வேதனையுற்ற ஒருவருக்கு அவர் ஊசி மூலம் நரம்பை மரத்துப்போகச் செய்தார், வலி அகன்றது. மீண்டும் எப்போது வரவேண்டும் என்று அந்த நோயாளி கேட்டார். இனி வரத் தேவையில்லை என்று மருத்துவர் பெருமிதத்துடன் கூறினார். தமது நோய் தீராதது என்பதை அவ்வாறு அறிந்த நோயாளி, வீடு திரும்பித் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அங்கே அறிவும் இருந்தது. உதவும் எண்ணமும் இருந்தது. எதிரிலிருப்பவரின் இடத்தில் நின்று பார்ப்பது ஒன்றே விடுபட்டிருந்தது.

இதைக் கற்பிக்க இயலுமா? இந்தியாவில் 2019 முதல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் ஆகியவை தனிப் பயிற்சித் தொகுதியாகவே இடம்பெற்றன. வலி தணிப்புச் சிகிச்சைப் பயிற்சிகளில் ஒருவர் மருத்துவராகவும், மற்றொருவர் நோயாளியாகவும் பாத்திரமேற்கின்றனர். பிறர் கவனித்துக் குறைநிறை கூறுகின்றனர். நோயாளி ஏற்கெனவே என்ன அறிந்திருக்கிறார், இன்னும் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று முதலில் கேட்டறிவதே அங்கு அடிப்படைப் பாடம்.

நடிப்பால் கருணை பிறக்குமா என்ற ஐயம் எழலாம். இனிய சொற்களை மட்டும் பயின்றால் அது வெறும் முகமூடியாகிவிடும் என்பது உண்மையே. ஆனால் பாத்திரங்கள் மாறும்போது பயிற்சியின் பயன் புலப்படுகிறது. மருத்துவராக நடிப்பவர் சொற்களைக் கற்கிறார்; நோயாளியாக நடிப்பவர் அச்சொற்களின் பாரத்தை உணர்கிறார். ஜபமும் முதலில் உதட்டளவில்தான் தொடங்குகிறது. இடைவிடாத பயிற்சியால் உள்ளத்தில் இறங்குகிறது.

கீதையின் 6-ஆம் அத்தியாயம் ‘ஆத்மௌபம்யம்’ என்ற உயரிய நிலையைப் போற்றுகிறது. தன்னையே உவமையாகக் கொண்டு பிறர் சுகதுக்கங்களை அறிதல் என்பது அதன் பொருள். வேதாந்தம் கூறும் ஒருமையை நூல்களில் கற்பது எளிது. நோயாளியின் படுக்கையருகே அதை வாழ்ந்து காட்டுவது அரிது.

இச்சாதனை மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. இல்லத்தில் முதியோரையும் நோயுற்றோரையும் பேணும் ஒவ்வொருவருக்கும் இது உரியது. ஆறுதல் கூறுமுன், அவர் எதற்கு அஞ்சுகிறார் என்று கேட்போமாக. கேட்டபின், விடை வரும்வரை பொறுமையுடன் அருகில் அமர்ந்திருப்போமாக. அதுவும் வழிபாடே.