சோறு போடுமா சித்திரம்?

கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பிள்ளை படம் வரைந்துகொண்டிருக்கக் கண்டால், “இது சோறு போடுமா?” என்று கேட்காத வாப்பாமார் நம்மிடையே அரியர். கேள்வியில் குற்றமில்லை, பசியை அறிந்தவர்கள் கேட்கும் கேள்வி அது. ஆயினும், சோற்றுக்கே வழியில்லாத ஓரிடத்தில் இருந்துகொண்டு இக்கேள்வியை எதிர்கொண்ட பெண்மணி ஒருவரை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ் 1898இல் வியன்னாவில் பிறந்த ஓவியர். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்றவர். யூதர் என்னும் ஒரே காரணத்தால், 1942 டிசம்பரில் நாஜிகள் அவரைச் செக் மண்ணிலிருந்த தெரேசின் முகாமுக்கு அனுப்பினர். உடன் எடுத்துச்செல்ல அனுமதித்த சுமை கொஞ்சம். அதிலும் ஓவியப் பொருள்களுக்கு அவர் இடம் ஒதுக்கினார்.

பெற்றோரைப் பிரிந்து விடுதிகளில் அடைபட்டுக் கிடந்த சிறுவர் சிறுமியருக்கு அவர் ஓவியம் கற்பித்தார். தாளுக்குப் பஞ்சம்; பழைய அலுவலகப் படிவங்களின் பின்புறமே தாளாயிற்று. பசியும் நோயும் சூழ்ந்த அவ்விடத்தில் அக்குழந்தைகள் எதை வரைந்தார்கள்? பூக்களை, விட்டுவந்த வீட்டை, உணவு பரிமாறிய மேசையை. முகாமின் காட்சிகளையும் சிலர் வரைந்தனர். வரைந்தவர் தம் பெயரைப் படத்தில் எழுத வேண்டும் என்பது ஆசிரியையின் விருப்பம். பட்டியலில் வெறும் எண்ணாகிவிட்ட ஒரு குழந்தைக்குத் தன் பெயரைத் தானே எழுதுவது சிறிய செயலா?

1943இல் குழந்தைகளின் ஓவியம் பற்றி அவர் முகாமிலேயே உரையாற்றினார். பிள்ளைகளை விரைந்து தம்மைப் போலவே ஆக்கிவிடத் துடிக்கும் பெரியவர்களின் அவசரம் அவருக்கு உடன்பாடன்று. அவர்களை ஓவியர்களாக்குவதும் அவர் நோக்கமன்று.

1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். மாணவர்களில் பெரும்பாலோர்க்கும் அதே முடிவுதான். இரண்டு பெட்டிகளில் ஏறத்தாழ 4,500 சித்திரங்கள் எஞ்சின. அவை பிராகு நகரின் யூத அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

சித்திரம் அவர்களுக்குச் சோறு போடவில்லை, உயிரையும் காக்கவில்லை. இவ்வுண்மையை மறைத்துவிட்டுக் கலையைப் போற்றுவது பொய்ப்புகழ்ச்சி. ஆனால் மற்றெல்லாம் பறிபோன குழந்தைக்கு, தான் கண்டதையும் இழந்ததையும் தன் கையால் சொல்லும் உரிமை சிறிது நேரமாவது வாய்த்தது. அந்த உரிமையின் பயனைச் சோற்றுத் தட்டில் வைத்து நிறுக்க இயலாது என்றே நாம் கருதுகிறோம்.

நம் நிலைமை அத்துணைக் கொடியதன்று. ஆதலால் நம் பொறுப்பு கூடுகிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடைபெறுகிறது. மேடையே கண்டிராத பிள்ளைகள் மேடையேறுகிறார்கள்; இதை மனமார வரவேற்கிறோம். ‘கலையரசன்’, ‘கலையரசி’ என்று விருதும் அளிக்கிறார்கள். நல்லதே. ஆனால் பரிசு பெறுபவர் சிலர். சொல்லவேண்டியதை நெஞ்சில் வைத்திருப்பவர் எல்லாரும் அல்லரோ? நடுவருக்குப் பிடிக்கும்படி ஆசிரியர் திருத்திக் கொடுத்த படம் ஆசிரியருடையதேயன்றிப் பிள்ளையினுடையதன்று. (மாட்டுக்கு ஐந்து கால் வரைந்த பிள்ளையிடம் காரணம் கேட்டுப் பாருங்கள், அது ஓடுகிற மாடு என்று சொன்னாலும் சொல்லும்.)

தேர்வு நெருங்கினால் ஓவிய வகுப்பைக் கணக்குக்குக் கொடுத்துவிடும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. பெற்றோராகிய நாமும் அதை மகிழ்ந்து ஏற்கிறோம். பள்ளிக் கூட்டங்களுக்குச் செல்லும்போது மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்ட பிறகாவது, அந்த ஒரு மணி நேரம் என்னவாயிற்று என்றும் நாம் கேட்கலாம்.