வடிக்காமல் ஊற்றாதீர்கள்

தென்மேற்குப் பருவமழை கொத்மலைப் பக்கம் இறங்கிவிட்டால் ஸ்டோர் வாசலில் நிற்கும் பெற்றோல் கேனும் சேர்ந்துதான் நனைகிறது. இன்று மாலையே அதை உள்ளே எடுத்து வையுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். நிமிர்த்தி வைத்த கேனின் தலையில் மழைநீர் தேங்கும். பகல் வெயிலில் உள்ளே விரிந்த காற்று, இரவுக் குளிரில் சுருங்கும்போது மூடி இடுக்கு வழியாக அந்த நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பீப்பாய்க்கும் இதே கதிதான். வெளியில் வைத்தே ஆகவேண்டும் என்றால், மூடிமேல் தண்ணீர் நிற்காதபடி சாய்த்து வையுங்கள். மூடி தொலைந்து, பொலித்தீனைச் சுருட்டி அடைத்த கேன்களும் உண்டு. அவற்றுக்குப் பக்கத்தில் நின்று புத்தி சொல்வதே வீண்.

தண்ணீர் பெற்றோலைவிடக் கனம். அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். புல் வெட்டும் மெஷினின் காபரேற்றரில் பெற்றோல் போகிற துளை ஊசிமுனை அளவுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் அதன் வாயில் உட்கார்ந்தால் எஞ்சின் இருமிவிட்டு நின்றுவிடும். சில நாள் அப்படியே கிடந்தால் அலுமினியக் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். அந்தப் பொடி போய் அடைப்பதும் அதே துளையைத்தான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் கேடு இன்னும் அதிகம். அதற்கு வேண்டிய எண்ணெயே பெற்றோலோடு கலந்துதான் போகிறது. தண்ணீர் போகும் நேரத்தில் எண்ணெய் போவதில்லை. பேரிங்கில் துரு ஏறுகிறது. கொஞ்சம் தண்ணீர் போனால் எஞ்சின் கழுவப்படும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் மெஷினைக் கொடுக்காதீர்கள்.

மெஷின்தானே, திருத்திக்கொள்ளலாம் என்பீர்கள். சுமக்கிறவரைத் திருத்த முடியுமா? ஊற்றியவர் கீழே ஸ்டோரில் இருக்கிறார். மெஷின் நிற்பதோ மேலே, கால் வழுக்கும் சரிவில். அங்கே ஒருவர் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் விட்டுப்போய் நிற்கிறார். மருந்தடிக்கிறவர் என்றால், முதுகில் மருந்துத் தாங்கியோடு நின்று இழுக்கிறார். கணக்கப்பிள்ளை வந்து பார்க்கும்போது வேலை குறைவு, அரைப்பேர்தான். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அரைப்பேர் என்றால் நாட்சம்பளத்தில் பாதி. அந்தப் பாதியை அவர் வீட்டு அடுப்பிலிருந்து எடுத்தது ஸ்டோரில் ஊற்றிய கை. அதற்கு மேல், வேலைக்கள்ளன் என்ற பேச்சையும் அவரே கேட்கிறார். இதை அநியாயம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு போகிற ஆட்டோ றம்பொடை ஏற்றத்தில் நின்றுபோனாலும் அடியில் இதே ஒரு சொட்டு இருக்கலாம்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. கேனை ஆட்டாமல் அசைக்காமல் ஒரு மணி நேரமாவது நிற்க விடுங்கள். பிறகு திறந்த வெளியில், அடுப்புக்கும் பீடிக்கும் தூரமாக, மேலே உள்ளதை மட்டும் மெதுவாக ஊற்றுங்கள். அடியில் ஓர் அங்குலம் மிஞ்சட்டும். அந்த மிச்சத்தில் கொஞ்சம் கண்ணாடிப் போத்தலில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள்: தண்ணீர் இருந்தால் அடியில் பாதரசம் போலத் தனியாக உருளும். பழைய சேலைத் துண்டில் வடித்தேன் என்று திருப்திப்படாதீர்கள். துணி மண்ணைப் பிடிக்கும், தண்ணீரை விட்டுவிடும். போதாக்குறைக்குத் தன் நூலையும் சேர்த்து அனுப்பும். தண்ணீரைத் தடுக்கும் வலை வைத்த புனல் இருக்கிறது, அதை வாங்குங்கள். பழைய மெக்கானிக்குகள் கார் துடைக்கிற மெல்லிய அசல் தோலை முதலில் பெற்றோலில் நனைத்து, அதன் வழியாக வடிப்பார்கள். அதுவும் நல்ல வழிதான். ஆனால் தோல் தண்ணீரில் ஊறிவிட்டால் பயன் இல்லை. டூ ஸ்ட்ரோக் என்றால் வடித்த பிறகு எண்ணெயைக் கலக்குங்கள். 50க்கு 1 என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 25க்கு 1 என்றால் 40. மெஷின் புத்தகம் சொல்வதுதான் கணக்கு, கண் அளவு கணக்கில்லை. மரக்கறித் தோட்டத்து லேண்ட் மாஸ்டர்காரர்களே, டீசல் பில்டருக்குக் கீழே தேங்கும் தண்ணீரைத் தவறாமல் திறந்து விடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022 ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, மண்ணெண்ணெய் 87 ரூபா. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 340 ஆகும்வரை, அதைப் பெற்றோலில் கலந்து விற்க இந்த இடைவெளி எத்தனை பேருக்குச் சபலம் காட்டியிருக்கும்! எரிபொருள் கியூஆர் அட்டையில் ஆட்டோவுக்கு வாரம் 5 லீற்றர் என்றிருந்த அந்த நாளில் போத்தலில் கிடைத்ததை வாங்கினோம்; வேறு வழி இருக்கவில்லை. இன்று வழி இருக்கிறது. கலந்து விற்கிறவரிடம் வாங்காதீர்கள். புனல் தண்ணீரைப் பிடிக்கும், களவைப் பிடிக்காது.

பெற்றோல் எடுக்கக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவதை இன்றோடு நிறுத்துங்கள். நெஞ்சுக்குள் போன ஒரு மிடறு நுரையீரலை வேகவைக்கும். அப்படிப் போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சோடாப் போத்தலில் மண்ணெண்ணெயோ பெற்றோலோ வைக்காதீர்கள், தாகத்தில் வரும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. லயத்துக் காம்பராவில் கேனே வேண்டாம். பெற்றோல் ஆவி தரையோடு ஊர்ந்து அடுப்பு வரைக்கும் போகும்.

வடித்து மிஞ்சிய அழுக்கைக் கானில் ஊற்றாதீர்கள். கான் பீலிக்குப் போகிறது, பீலித் தண்ணீர் கொத்மலை ஓயாவுக்குப் போகிறது, ஓயா மகாவலியில் கலக்கிறது. பீலியில் உங்கள் வீட்டுப் பெண்கள் குடம் வைக்கிறார்கள். கீழே கண்டி நகரம் மகாவலியைக் குடிக்கிறது. மூடியுள்ள தனி டின்னில் சேர்த்துவைத்து, பழைய எண்ணெய் எடுக்கிற கராஜில் கொடுங்கள்.

துரைமாருக்கும் ஸ்டோர்காரருக்கும் ஒரு வார்த்தை. ஒரு புனலின் விலைக்கு அஞ்சி ஒரு மனிதரின் நாளை வீணாக்காதீர்கள். அரைப்பேர் போடும் முன் தாங்கியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் இருந்தால் முழுப்பேர் போடுங்கள். தொழிலாளர்களே, நாளைக் காலைப் பிரட்டில் மெஷினைத் தோளில் ஏற்றும் முன் கேளுங்கள்: இதை வடித்தீர்களா, எங்கே புனல்?