உரிமையை விட்டபின் எஞ்சும் கடமை

எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் மூலநிரல் கோப்பைத் திறந்தால், உரிம அறிவிப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாழ்த்து இருக்கிறது: நன்மை செய்க, மன்னிக்க, கொடுப்பதைவிட அதிகம் எடுக்காமல் பகிர்க என்ற பொருளில். 2000-இல் இதை வெளியிட்ட ரிச்சர்ட் ஹிப், பதிப்புரிமையையே கைவிட்டு நிரலைப் பொதுச் சொத்தாக்கினார். உரிமையைத் துறந்தவருக்குக் கடமையும் தீர்ந்துவிடுமா? சட்டம் தீர்ந்துவிடும் என்கிறது. ஆனால் அவர் குழு 2050 வரை பராமரிக்கும் நோக்கத்தை அறிவித்திருக்கிறது. 2004-இல் வந்த மூன்றாம் பதிப்பின் கோப்புகளை இன்றைய பதிப்பும் படிக்கிறது. ஹிப் தம் நெறிகளாக முன்வைத்த, 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித பெனடிக்ட்டின் விதிநூலில் இதற்கு விளக்கம் உண்டு. துறவிக்குச் சொந்தமாக எதுவும் கிடையாது. ஆயினும் மடத்தின் பண்டகக் காப்பாளர் ஒவ்வொரு கருவியையும் பலிபீடத்துப் பாத்திரம்போலப் பேண வேண்டும். உடைமை போனபின்தான் பேணுதல் தூய்மையடைகிறது.

பெரிய நிறுவனங்கள் எஸ்கியூலைட்டின் பராமரிப்புக்குப் பணம் தருகின்றனவே, இது தானமா தொழிலா என்று கேட்கலாம். மறையாக்க நீட்சி போன்ற சிலவற்றுக்கு விலை இருப்பதும் உண்மை. ஆனால் மூல நிரல், காசு தராத மாணவருக்கும் அதே தரத்தில்தான் கிடைக்கிறது. வெளியார் எழுதும் நிரலைப் பொதுவாக ஏற்பதில்லையே, இது எப்படிப் பொது என்பது இன்னொரு கேள்வி. நகலெடுத்துத் தனிவழி செல்ல யாருக்கும் தடையில்லை. குழு தன்னிடம் வைத்துக்கொண்டது பொறுப்பை மட்டுமே. கூலி வாங்குவதால் கொடை கெடாது. வாங்குபவரைக் கடனாளியாக்கினால்தான் கெடும்.