மத்தியஸ்தரும் ஞானகுருவும்

கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே கிறிஸ்துவே ஏக மத்தியஸ்தர் என்பது கிறிஸ்தவர் கொள்கை. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் இது வெளிப்படக் கூறப்பட்டுள்ளது. இதனை மறுக்கப் புகும் நம் ஆசிரியருட் சிலர், கடவுளைக் காணத் தரகர் எதற்கு என்று வினாவி, பிள்ளைகளை நகைப்பித்து, வென்றோமென அமைவர். இஃது இலக்கிற் படாத அம்பு. தரகன், வாங்குவோனும் விற்போனும் அல்லாத மூன்றாமவன். கிறிஸ்துவை அவர் அங்ஙனம் கொண்டிலர். மெய்த்தேவனும் மெய்ம்மனிதனுமாகிய ஒருவரே அவர் என்பது கி.பி. 451இற் கல்சிதோனிற் கூடிய சங்கத்தின் தீர்ப்பு. நம் கல்லடிப் பாலம் வாவியின் இரு கரையிலும் ஊன்றி நிற்றல்போல, அவர் இருபாலும் உரிமையுடையார் என்க. மிஷன் பாடசாலையில், அவர் ‘வேதபாடம்’ என வழங்கும் பாடத்தை ஆண்டுதோறும் கேட்டவராதலின் யாம் இதனை அறிவோம். பிறர் கூறாததைக் கூறினாரெனக் கொண்டு மறுத்தல் சைவர்க்கு அழகன்று. அர்ச். மிக்கேல் கல்லூரியிற் பயின்ற விபுலானந்த அடிகளே 1929இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அயற்சமயம் அறிந்தமை அவர்க்கு ஊறு செய்திலது.

இனி, பாலத்திற்கு இரு கரை வேண்டும். அவ்விரு கரை உண்டோ என்பதே ஆராயற்பாலது. ஆதாமின் பாவத்தால் மனிதன் கடவுளினின்றும் பிரிந்தான் என்றும், அப்பிரிவை நீக்கி ஒப்புரவாக்கவே மத்தியஸ்தர் வேண்டப்பட்டார் என்றும் அவர் கூறுவர். உயிர் இறைவனைப் பிரிந்திருந்த காலம் ஒன்று உண்டெனச் சித்தாந்தம் கொள்வதில்லை. அகரம் ஏனை எழுத்துக்களில் உடனிற்குமாறுபோல அவன் உயிரில் அநாதியே கலந்து நிற்கின்றான். இடையே வாவியில்லை; கண்ணிற் படலம் உண்டு. அதுவே ஆணவமலம். படலத்தால் ஞாயிற்றைக் காணாதானுக்கு ஞாயிற்றோடு சமாதானம் பேசுவார் வேண்டா, வைத்தியன் வேண்டும்.

அற்றேல், ஞானகுருவும் இடைநிற்பவனேயன்றோ எனின், இத்தடை வலியுடைத்து. உள்நிற்கும் இறைவன் உள்ளேயே உணர்த்தலாகாதோ? விஞ்ஞானகலர்க்கு அங்ஙனமே உணர்த்துவன் என்பது நூற்றுணிபு. சகலராகிய நாம் புறத்தே கண்டும் கேட்டுமன்றி அறியமாட்டேம். அதனால் அவனே மானுடப் போர்வையில் எழுந்தருளுகின்றான். காட்டு விலங்கைப் பிடிப்போர் அதன் இனத்தையே பார்வை விலங்காக நிறுத்தும் உவமையை உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனுள் எடுத்தாண்டார். இவ்வருகை கருப்பையிற் பிறத்தலன்று, சிவன் பிறப்பிலி. ஒரு காலத்து, ஒரு நாட்டில், ஒரு முறை நிகழ்ந்து முடிவதுமன்று. எவ்வுயிர் எப்போது பக்குவமெய்துமோ அவ்வுயிர்க்கு அப்போது நிகழ்வது.

போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பிற் கோட்டை கட்டுதற்குப் பன்னூறாண்டு முன்னர், இவ்வாவிக்கரையில் நெல் விளைத்தும் மீன் பிடித்தும் மாண்டவரின் கதி யாது? கிறிஸ்தவர் இதற்கு ஒருபடித்தாக விடை கூறார். தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்து, கடவுளை உளமாரத் தேடுவோரும் மீட்படைதல் கூடும் என 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் உரைத்தது. அதுவும் கிறிஸ்துவாலேயே என்பர். அன்புடைய விடையே. ஆயின் பெயரறியாதார்க்கும் உள்நின்று அருள் செய்யப்படுமெனின், அது நம் கொள்கைக்குப் பெரிதும் அணித்தாகின்றது.

இவ்வணிமை கண்டு இரண்டும் ஒன்றே எனச் சமரசம் பேசுவார்க்கு யாம் உடன்படோம். ஒப்புரவாக்குதல் வேறு, படலம் உரித்தல் வேறு. குருவை இன்னுங் காணாத யான் யாது செய்வேன் என்று ஒரு மாணவன் வினாவின், அலகிடலும் பூத்தொடுத்தலும் திருமுறை ஓதலுமாகிய சரியையை ஆசிரியர் அவனுக்குக் காட்டுக. அம்மாணவனோடு தாமும் அன்றே அலகெடுத்துக் கோயில் செல்க.